பழைய முகவரிக்கு வந்த கடிதம்

ஹூஸ்டனுக்கு எம்.எஸ். படிக்கப் போகும் தமிழ்ப் பையன்கள் முதல் செமஸ்டரிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வார்கள். அந்த ஊரில் கார் இல்லையென்றால் அரிசி கூட வாங்க முடியாது. பஸ் உண்டு, ஆனால் வரும்போதுதான் வரும். ஆகவே இரண்டாவது செமஸ்டருக்குள் சீனியர் யாராவது காரை விற்கிறாரா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படித்தான் அந்தப் பையனும் 2015 டிசம்பரில் ஒரு கார் வாங்கினான். 2002 மாடல் ஹோண்டா சிவிக், விலை 2,400 டாலர். விற்றவர் அதே அபார்ட்மெண்டில் இருந்த சீனியர். வேலை கிடைத்து கலிஃபோர்னியா கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அதை விற்றவர் இன்னொரு சீனியர். அவருக்கு முன்னால் யாரோ ஒரு அமெரிக்கப் பாட்டி. (அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் பழைய கார்களுக்கும் முதல் ஓனர் ஒரு பாட்டிதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டிய பாட்டி!)

வாங்கும்போது அவன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டான். எத்தனை மைல் ஓடியிருக்கிறது, ஏசி வேலை செய்கிறதா, பிரேக் எப்போது மாற்றினீர்கள், டயர் இன்னும் எத்தனை நாள் வரும். ஏர்பேக் பற்றி அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏர்பேக் என்பது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிற சமாச்சாரம். ஸ்டீயரிங் நடுவில் எழுத்துப் போட்டிருந்தது. இருக்கிறது. அவ்வளவுதான்.

சீனியர் போன பிறகும் அவர் பெயருக்குத் தபால் வந்துகொண்டே இருந்தது. கிரெடிட் கார்டு கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனி, பீட்சா கூப்பன். வாரம் ஒருமுறை அவன் தபால் பெட்டியைத் திறந்து, தன் பெயர் இல்லாததையெல்லாம் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவான். அதில் ஒரு உறையில் சிவப்பு எழுத்தில் 'பாதுகாப்பு ரீகால் அறிவிப்பு' என்று அச்சடித்திருந்ததோ என்னவோ, அவனுக்கு ஞாபகமில்லை. சிவப்பு எழுத்தில் 'அவசரம்' என்று போட்டு வருவதில் முக்கால்வாசி விளம்பரம்தானே? அப்படி மக்கள் ஏமாறக்கூடாது என்றுதான் ரீகால் உறைகளில் அரசு முத்திரையோடு தனி லேபிள் இருக்க வேண்டும் என்று 2014-இலேயே அமெரிக்காவில் விதி கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் விளம்பரக்காரர்களும் அதே மாதிரி உறை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

2016 மார்ச் 31. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், பள்ளியில் படிக்கும் 17 வயதுப் பெண் ஒருத்தி 2002 மாடல் சிவிக் ஓட்டிப் போனாள். முன்னால் போன கார் மீது மோதினாள். பெரிய மோதல் இல்லை. எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு நடந்தே போயிருக்க வேண்டிய விபத்து என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். ஆனால் ஏர்பேக் விரிந்தபோது அதற்குள்ளிருந்த உலோகக் கூடு உடைந்து, அதன் துண்டு அவள் கழுத்தை வெட்டியது. அங்கேயே இறந்துபோனாள். அந்தக் காருக்குப் பல முறை ரீகால் கடிதம் அனுப்பியிருக்கிறோம் என்றது கார் கம்பெனி. எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்றது குடும்பம். அது பழைய கார், கைமாறி வந்த கார். இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் வயிற்றைப் பிசைகிற விஷயம்.

செய்தியைப் பார்த்துவிட்டுப் பையன் சீனியருக்கு போன் போட்டான்.

"அண்ணா, கார் விஷயமா ஏதாவது லெட்டர் வந்துச்சா உங்களுக்கு?"

"வந்திருக்கும்டா. எவன் படிச்சான்? ஏன், போலீஸ் டிக்கெட் ஏதாவது வாங்கிட்டியா?"

"இல்லண்ணா, ஏர்பேக்..."

"அது எல்லா ஹோண்டாவுக்கும் சொல்றாங்கடா. நான் ரெண்டு வருஷம் ஓட்டினேன்ல, ஒண்ணும் ஆகலையே."

பையனுக்கும் அது நியாயமாகவே பட்டது. செமஸ்டர் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏர்பேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் 'ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகல' என்பது எவ்வளவு மோசமான வாதம் என்று புரியும். ஸ்டீயரிங் நடுவில், ஓட்டுபவரின் நெஞ்சுக்கு நேராக, மடித்த பையும் அதன் பின்னால் இன்ஃப்ளேட்டர் என்கிற ஒரு சின்ன உலோக டப்பாவும் இருக்கும். டப்பாவுக்குள் வேதிப்பொருள் வில்லைகள். மோதலை சென்சார் உணர்ந்ததும் ஒரு தீப்பொறி. வில்லைகள் எரிந்து வாயுவாக மாறிப் பையை நிரப்பும். இத்தனையும் கண் இமைப்பதற்குள், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு அளவான வெடிப்பு. அளவு தப்பினால் வெறும் வெடிப்பு. டப்பா ஓட்டுபவரைப் பார்த்து இருப்பதால் துண்டுகளும் அவரை நோக்கித்தான் வரும்.

ஆரம்ப கால ஏர்பேக்குகளில் சோடியம் அசைடு இருந்தது. அது விஷம். அதை விட்டுவிட்டு வேறு பொருளைத் தேடினார்கள். ஜப்பானின் டகாட்டா கம்பெனி 2000-ஆம் ஆண்டு வாக்கில் தேர்ந்தெடுத்தது அம்மோனியம் நைட்ரேட். உரமாகப் போடுவார்களே, அதேதான். விலை மலிவு, வாயு அதிகம், டப்பாவையும் சின்னதாகச் செய்யலாம். ஒரே ஒரு குறை, அதற்கு ஈரமும் ஆகாது, வெயிலும் ஆகாது. பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து, வருடக் கணக்கில் இப்படியே போனால் வில்லைகள் ஈரத்தை இழுத்துப் பொரபொரத்துப் போகும். வெல்லக் கட்டியை விட வெல்லப் பொடி சீக்கிரம் கரைகிற மாதிரி, பொரபொரத்த வில்லை வேகமாக எரியும். அழுத்தம் எகிறி டப்பாவே வெடிக்கும். ஈரத்தை உறிஞ்சும் பொருளையும் சேர்த்துப் போட்டிருந்தால் ஆபத்து குறைந்திருக்கும். பல வருடங்களுக்கு அதைப் போடவில்லை.

ஆக, பழைய காரில்தான் ஆபத்து அதிகம். புழுக்கமான ஊரில் இன்னும் அதிகம். ஃபுளோரிடா, டெக்சாஸ் உள்ளிட்ட வளைகுடாக் கடற்கரை, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ. ஹூஸ்டன் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய காரின் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சீனியர் ஓட்டிய இரண்டு வருடமும் அந்த வில்லைகளுக்கு இரண்டு வயது கூடியிருந்தது.

டகாட்டா ஒன்றும் பெட்டிக்கடை இல்லை. 1933-இல் நெசவுக் கம்பெனியாகத் தொடங்கி, பாராசூட் கயிறு செய்து, 1960-களில் சீட் பெல்ட்டுக்கு வந்து, பிறகு ஏர்பேக்குக்கு வந்த குடும்பக் கம்பெனி. உயிர் காக்கும் பொருள்களை மட்டுமே செய்தவர்கள் என்றுகூடச் சொல்லலாம். அம்மோனியம் நைட்ரேட் ஆபத்து என்று போட்டிக் கம்பெனியான ஆட்டோலிவின் விஞ்ஞானிகள் 1990-களின் கடைசியிலேயே எச்சரித்து, அதைச் செய்ய மறுத்துவிட்டார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் 2016-இல் எழுதியது. டகாட்டா செய்தது. சோதனை முடிவுகள் சரியாக வராதபோது எண்களைத் திருத்தி கார் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. வழக்கில் வெளிவந்த 2006-ஆம் ஆண்டு மின்னஞ்சல் ஒன்றில் ஒரு எஞ்சினியர், எண்களைத் திருத்தப்போகும் சக ஊழியருக்கு 'சந்தோஷமாகத் தில்லுமுல்லு செய்யுங்கள்' என்கிற அர்த்தத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டு வாழ்த்து அனுப்பியிருக்கிறார். ஆபீசில் எல்லோரும் அடிக்கிற ஜோக் மாதிரிதான் இருக்கிறது. அதனால்தான் படிக்கப் பயமாக இருக்கிறது.

அமெரிக்காவில் முதல் வெடிப்பு 2004-இல், அலபாமாவில். ஏதோ ஒரு தனிப்பட்ட கோளாறு என்று விட்டுவிட்டார்கள். 2008 நவம்பரில் ஹோண்டா முதல் ரீகால் அறிவித்தது. எத்தனை கார் தெரியுமா? சுமார் 4,000. அடுத்த மே மாதம் ஓக்லஹோமாவில், தம்பியைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போன 18 வயதுப் பெண் பார்க்கிங்கில் லேசாக இடித்ததில் இறந்தாள். அதன் பிறகு ரீகால் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது, பழைய வீட்டுச் சுவரில் விரிசல் ஓடுகிற மாதிரி. 2015 மே மாதம் 3 கோடியே 38 லட்சம் என்று டகாட்டா ஒப்புக்கொண்டது. கடைசியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள், உலகம் முழுக்கக் கணக்குப் போட்டால் சுமார் 10 கோடி. அமெரிக்காவில் 28 பேர் இறந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை உறுதி செய்திருக்கிறது. காயம்பட்டவர்கள் 400-க்கும் மேல்.

நடுவில் இன்னொன்று நடந்தது. ஆரம்ப வழக்குகள் பலவற்றை, வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு பணம் கொடுத்து முடித்தார்கள். பணம் வாங்கிய குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையை இழந்தவர்களிடம் போய் ஊருக்காகப் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலையுங்கள் என்று யார் சொல்வது? ஆனால் ஒவ்வொரு ரகசிய ஒப்பந்தமும் அடுத்த காரில் உட்காரப்போகிறவரிடமிருந்து ஒரு தகவலை மறைத்தது. சாவு, காயம் பற்றிய 1,729 புகார்களை 2003 முதல் 2014 வரை அரசுக்குத் தெரிவிக்காமல் இருந்ததற்காக ஹோண்டாவுக்கு 2015 ஜனவரியில் 7 கோடி டாலர் அபராதம் விழுந்தது. இவை எல்லாமே ஏர்பேக் புகார்கள் இல்லை. ஆனால் அரசு கவனித்திருக்க வேண்டிய நேரத்தில் அதன் கையில் முழுக்கணக்கு இல்லை.

ஆர்லாண்டோ சம்பவத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2014 செப்டம்பர் கடைசி. 51 வயதுப் பெண் ஒருவர் விபத்துக்குப் பின் கழுத்தில் ஆழமான வெட்டுக் காயங்களோடு காரில் கிடந்தார். சில நாளில் இறந்துவிட்டார். காயங்களைப் பார்த்த போலீஸ் யாரோ கத்தியால் குத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கொலை வழக்காகவே விசாரிக்க ஆரம்பித்தது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் காரில் உள்ள ஏர்பேக்கை இலவசமாக மாற்றித் தருகிறோம், கொண்டு வாருங்கள் என்று.

கடிதம் சரியான முகவரிக்குத்தான் வந்தது. நாள்தான் தப்பு.

முகவரியே இல்லாத கேஸும் உண்டு. 2017 மார்ச்சில் லாஸ் வேகாஸில் ஒரு இளம்பெண். அவள் கார் முன்பு ஒரு விபத்தில் அடிபட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியால் கழிக்கப்பட்டு, ஏலத்தில் போய், யாரோ சரிசெய்து விற்ற கார். சரிசெய்தவர் காயலான் கடையிலிருந்து ஒரு ஏர்பேக் வாங்கிப் பொருத்தியிருக்கிறார். அது ரீகாலில் இருந்த 2001 மாடல் அக்கார்டிலிருந்து கழற்றியது. அவள் காரின் நம்பரை எங்கே போட்டுத் தேடியிருந்தாலும் அந்த ஏர்பேக் அதில் இருப்பது தெரியாது. மூச்சுக்குழாயில் துண்டு பாய்ந்தது. நல்லவேளையாகப் பிழைத்துவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள். புதுக் கார் வாங்கும் வசதியுள்ளவர் டீலரிடம் சர்வீஸ் விடுகிறார், ஒரே வீட்டில் பத்து வருடம் இருக்கிறார், கடிதம் ஒழுங்காகக் கிடைக்கிறது. நாலாவது கை, ஐந்தாவது கை ஓனருக்கு வருடத்துக்கு ஒரு வீடு, கார் ரிப்பேர் தெருமுனை மெக்கானிக்கிடம். மிகப் பழைய வில்லைகள் சேர்வதும் அவர்களிடம்தான். அமெரிக்காவில் ரீகால் பாக்கியுள்ள புதுக் காரை விற்கக்கூடாது. 2016-லிருந்து பெரிய வாடகைக் கார் கம்பெனிகள் அப்படிப்பட்ட காரை வாடகைக்கு விடவும் கூடாது. பழைய கார் விற்பவருக்கு மட்டும் அப்படி ஒரு மத்திய சட்டம் கிடையாது. கார் வியாபாரிகளுக்கு வாஷிங்டனில் நல்ல செல்வாக்கு.

2016 ஜூன் 30-ஆம் தேதி சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா மாடல்களின் ஏர்பேக் விபத்தில் விரியும்போது வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருக்கிறது. இன்னும் சரிசெய்யப்படாமல் சுமார் 3,13,000 கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. டீலரிடம் கொண்டுபோவதற்குத் தவிர வேறு எதற்கும் இவற்றை ஓட்டாதீர்கள். பட்டியலில் 2002 சிவிக் இருந்தது.

நூற்றுக்கு ஐம்பது. காசு சுண்டிப் பார்க்கிற கணக்கு. பையன் அன்று ராத்திரியே கீழே இறங்கிப் போய், மொபைல் வெளிச்சத்தில் கண்ணாடிக்குக் கீழே ஓட்டுநர் பக்கம் பொறித்திருக்கும் 17 எழுத்து வின் நம்பரைக் குறித்துவந்து அரசுத் தளத்தில் போட்டான். ரீகால் பாக்கி என்று வந்தது. டிசம்பரிலிருந்து ஜூன் வரை தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான். இரண்டு முறை நண்பர்கள் நாலு பேரோடு டல்லாஸ் வரை போய் வந்திருக்கிறான். அம்மாவுக்கு போனில் சொல்லவில்லை. டீலர் நாலு நாளில் தேதி கொடுத்தார்கள், வண்டியையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேர வேலை, பைசா செலவில்லை. கழற்றிய இன்ஃப்ளேட்டரைப் பார்க்கலாமா என்று கேட்டான். மெக்கானிக் காட்டவில்லை. திருப்பி அனுப்பவேண்டுமாம்.

ஒன்றும் ஆகாதவன் கதை இத்தோடு சரி. ஆகியிருந்தால்?

அந்தக் கேள்விதான் பையனை விடவில்லை. அறையில் இருந்த நாலு பேரும் கூடி உட்கார்ந்து பேசியதில் முதலில் வந்த சந்தேகம், மாணவர் விசாவில் வந்தவன் வழக்குப் போட முடியுமா என்பது. முடியும். அடிபட்டவரின் விசா என்ன என்பதற்கும் நஷ்டஈடு கேட்கும் உரிமைக்கும் சம்பந்தமில்லை. அடுத்தது பணம். இந்த மாதிரி வழக்குகளில் வக்கீல்கள் முன்பணம் வாங்குவதில்லை. ஜெயித்தால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார்கள். தோற்றால் ஃபீஸ் இல்லை. (இந்தியாவில் வக்கீல்கள் இப்படிப் பங்கு பேசுவதற்கே தடை.)

மூன்றாவது விஷயத்தை யாருமே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கார். விபத்தில் நொறுங்கிய காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆஸ்பத்திரியில் கிடப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், 2,000 டாலர் வந்தால் சரி என்று. ஆனால் வழக்குக்கு உயிரே அந்தக் கார்தான். கிழிந்த பை, உடைந்த டப்பா, உடம்பிலிருந்து டாக்டர் எடுத்த துண்டு, இவை இல்லாமல் கழுத்துக் காயம் ஏர்பேக்கால் வந்ததா கண்ணாடியால் வந்ததா என்று நிரூபிப்பது கஷ்டம். ஆர்லாண்டோவில் போலீசே கத்தி என்று நினைத்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்காதே, எடுத்துப்போக விடாதே, படம் எடுத்து வை என்று அடிபட்டவர் வீட்டில் யாராவது ஒருவர் முதல் வாரத்திலேயே சொல்லவேண்டும்.

இடித்தது தன் தப்பாக இருந்தால்? அப்போதும் கேட்கலாம். மோதலுக்கு ஒரு காரணம், காயம் இவ்வளவு மோசமானதற்கு இன்னொரு காரணம். குறையுள்ள பொருளைச் செய்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்றுகூட நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறை இருந்தது, அதனால் காயம் வந்தது என்று காட்டினால் போதும் என்பதுதான் பெரும்பாலான மாநிலங்களின் சட்டம். நடுவர் குழு தப்பைப் பங்கு பிரிக்கும். டெக்சாஸில் அடிபட்டவரின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் எதுவும் கிடையாது. ரீகால் கடிதம் கையில் கிடைத்தும் சும்மா இருந்தார் என்று எதிர்க்கட்சி காட்டினால் அதுவும் அவர் பங்கில் ஏறக்கூடும்.

காலக்கெடு இன்னும் கொடுமை. டெக்சாஸில் காயம்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அது பரவாயில்லை. பொருளை விற்று 15 வருடம் ஆகிவிட்டால் பொதுவாக உற்பத்தியாளர் மீது வழக்கே போட முடியாது என்று இன்னொரு விதி இருக்கிறது. 2002-இல் விற்ற காருக்கு அது 2017-இல் முடிந்துபோகும். வில்லை பழசாகப் பழசாக ஆபத்து கூடுகிறது. கார் பழசாகப் பழசாக உரிமை குறைகிறது. சட்டம் எழுதியவர்கள் அம்மோனியம் நைட்ரேட்டை நினைத்து எழுதவில்லை, உண்மைதான். ஆனாலும் இப்படியா?

சரி, யார் மீது வழக்கு? டகாட்டா 2017 ஜனவரியில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொள்ள இசைந்து 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதில் 85 கோடி கார் கம்பெனிகளுக்கு. அரசுக்கு அபராதம் 2.5 கோடி. அடிபட்டவர்களுக்கும் இறந்தவர்கள் குடும்பத்துக்கும் 12.5 கோடி. இந்த விகிதத்தை இன்னொரு முறை படிக்கலாம். ஜூனில் கம்பெனி திவால் மனு போட்டது. 2018-இல் அதன் பெரும்பகுதியை ஒரு சீன நிறுவனத்துக்குச் சொந்தமான அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. திவால் நடவடிக்கையின் பகுதியாக இழப்பீட்டுக்கென்று தனி டிரஸ்ட் அமைத்தார்கள். டகாட்டா மீது கோர்ட்டுக்குப் போவதற்குப் பதில் இனி அந்த டிரஸ்டில் மனுக் கொடுக்க வேண்டும். ஹோண்டாவும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்துகொண்டதால் ஹோண்டா காரில் அடிபட்டவர்களுக்கும் வழி அதுவே. மற்ற கார் கம்பெனிகள் மீது நேராக வழக்குப் போடலாம். காயத்தைப் பார்த்து மதிப்புப் போடுவார்கள். மதிப்பிட்ட தொகை முழுசாகக் கைக்கு வரும் என்று கிடையாது, ஏனென்றால் இனிமேல் அடிபடப்போகிறவர்களுக்கும் மிச்சம் வைக்கவேண்டும். இன்னும் காயமே படாதவர்களுக்கு, அவர்கள் யாரென்றே தெரியாத நிலையில் பங்கு ஒதுக்கி வைக்கிற கணக்குப் புத்தகம் அது.

மயாமியில் நடந்த கூட்டு வழக்கில் வந்த பணம் வேறு. டொயோட்டா, பிஎம்டபிள்யூ, மாஸ்டா, சுபாரு சேர்ந்து 55.3 கோடி டாலர், ஹோண்டா 60.5 கோடி டாலர் என்று 2017-இல் ஒத்துக்கொண்டார்கள். அது காரை டீலரிடம் கொண்டுபோன செலவு, வாடகைக் கார் செலவு மாதிரியானவற்றுக்கு. காயத்துக்கு இல்லை. அந்த செக்கை வாங்கிவிட்டதால் காய வழக்கு முடிந்துவிட்டது என்று சிலர் தப்பாக நினைத்துக்கொள்வதுண்டு. இரண்டும் தனித்தனி.

இந்தியாவில் ஓடும் கார்களிலும் இதே டப்பாக்கள் இருந்தன. 2016 ஜூலையில் மட்டும் ஹோண்டா இங்கே 1,90,578 கார்களைத் திரும்ப அழைத்தது. அப்போது அது கம்பெனிகளின் சொந்த விருப்பம். கார் உற்பத்தியாளர் சங்கம் 2012-இல் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அடிபட்டவர் போகவேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொருளால் வந்த தீங்குக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டாவில் விபத்தின்போது ஏர்பேக் விரியவே இல்லை என்று ஒருவர் போட்ட வழக்கு 2022-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மோதிய வேகம் போதாது என்றது கம்பெனி. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட கார் வாங்குபவர் என்ன இயற்பியல் நிபுணரா என்கிற மாதிரி கேட்டு, கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். இங்கேயும் 2 வருடக் கெடுதான்.

டகாட்டா சமாச்சாரம் எப்போதோ ஓய்ந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு: 2025 ஜூனில் ஃபிரான்சில் ஒரு பெண் இதே போல் இறந்த பிறகுதான் அங்கே பழைய சிட்ரோயன் சி3, டிஎஸ்3 கார்களை ஏர்பேக் மாற்றும்வரை எடுக்கவே கூடாது என்று நாடு முழுவதற்கும் சொன்னார்கள்.

பையன் 2017 மே மாதம் படிப்பை முடித்து சியாட்டில் போனான். சிவிக்கை ஒரு ஜூனியருக்கு 1,900 டாலருக்குக் கொடுத்தான். ஏர்பேக் மாற்றிய ரசீதை டாஷ்போர்டு அறையில் வைத்து, பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதே என்று நாலு தடவை சொன்னான். ஜூனியர் தலையாட்டினான். இவன் சீனியருக்குத் தலையாட்டிய அதே மாதிரி.

2019 மார்ச்சில் ஹோண்டா இன்னொரு ரீகால் அறிவித்தது. முன்பு ரீகாலில் வந்த கார்களுக்கு மாற்றிக் கொடுத்த இன்ஃப்ளேட்டர்களிலும் ஒரு பகுதி டகாட்டாவுடையது, அவற்றையும் மாற்றவேண்டும். அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் கார்கள். அடுத்த மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஜூனியரிடமிருந்து போன்.

"அண்ணா, உங்க பேர்ல ஒரு லெட்டர் வந்திருக்கு. சிவப்பு எழுத்துல. பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"பிரிடா. இப்பவே பிரி."